எட்டெட்டாக

செக்கானூரணி தாண்டி எடைமேடை.
கண்ணாடிக் கூண்டுக்குள் பவுன்தாய்.
சன்னலைப் பார்த்து வைத்த பழைய மானிட்டர்,
முதுகு பெருத்தது, மஞ்சளேறியது,
பொத்தான் விழுந்த குழியில்
தீக்குச்சி செருகியிருந்தது.

"படம் வலப்பக்கமா ஓடிருச்சு.
நாளைக்கு வாறேன்னு சொல்லாதீங்க,
வண்டி மேடையில நிக்கிது."

வெளியே டிராக்டர், பருத்திப் பொதி.
ஒச்சப்பன் இஞ்சினை அணைத்துவிட்டு
மட்கார்டில் குந்தியிருந்தார்.
திரையில் 438.
நாலாவது இலக்கம்
பிளாஸ்டிக் சட்டத்துக்கு அந்தப்பக்கம் எங்கோ.

"கடைசி எப்பவும் சைபர்தாங்க" என்றாள்.
இந்த மேடை ஐந்தைந்து கிலோவாகத்தான் எண்ணும்.
சைபர், இல்லையென்றால் அஞ்சு.
பிரிண்டர் ரிப்பன் காய்ந்து ஒரு மாதம்,
சீட்டெல்லாம் அவள் கையெழுத்து.

ஒரு மாதம் முன்னால்
விண்டோஸ் படுத்துக்கொண்டபோது
லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தவன் நான்.

வயரைக் கழற்றினேன்.
ஊசிகளில் ஒன்று ஒடிந்திருந்தது.
அது வழியாகத்தான் மானிட்டர்
தன் பேரையும் தாங்கும் அளவையும் சொல்லும்.
சொல்லாவிட்டால் கம்ப்யூட்டர்
தானாக ஒன்றை நினைத்துக்கொள்ளும்.
அன்றைக்கு நான் அதை நம்பி
டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

முதுகில் ஒட்டிய தாளை
செல்போன் வெளிச்சத்தில் வாசித்தேன்.
முப்பதிலிருந்து ஐம்பத்து நாலு கிலோஹெர்ட்ஸ்.
மீறினால் கீச்சென்று கத்தும்,
கிழடு என்றால் ஒரேயடியாக அடங்கிவிடும்.
மீறாமல் தட்டினேன்:
1024, 1048, 1184, 1344.
ஒரு கோட்டை வரைந்த கதிர்
அடுத்த கோட்டுக்குத் திரும்பும்போது
எத்தனை புள்ளி நேரம்
சும்மா இருக்கவேண்டும் என்கிற கணக்கு.
வலப்பக்கத்துச் சும்மாவைக் கூட்டினால்
இடப்பக்கத்துச் சும்மா குறையும்,
படம் இடது பக்கம் வரும்.
எட்டெட்டாகக் கூட்டவேண்டும்.
ஒன்றொன்றாகக் கேட்டால் காதில் வாங்காது.

டிக். இருட்டு. டிக்.
முதல் எட்டுக்கு ஒன்றுமில்லை.
இரண்டாவது எட்டுக்கு
எட்டாம் எண்ணின் பின்னால் கொஞ்சம் கறுப்பு.
"வண்டிக்கு வாடகை ஏறுது" என்றார் ஒச்சப்பன்,
சன்னலுக்கே வந்திருந்தார்.
மூன்றாவது எட்டு.
ஓரத்தில் பச்சையாக ஒரு கீற்று,
மேலே அரைக்கோடு,
கீழ்ப்பாதியில் வெறுமை.
சைபருக்கு இடது ஓரம் முழுசாக இறங்கும்.

நாலாவது எட்டை நான் போடுமுன்
"அஞ்சு" என்றார்.

4385.

பவுன்தாய் கார்பன் புத்தகத்தைப் பின்னாலிருந்து புரட்டினாள்.
சைபர். சைபர். சைபர். நீல நீலமாக.
"வெறும் வண்டி எடையிலயும்
அதே அஞ்சு போயிருக்கும்ல?
ஒண்ணுக்கொண்ணு சரியாயிருக்கும்."
"ஆயிருக்கும்" என்றார் ஒச்சப்பன்.
கொஞ்சம் கழித்து,
"ஆகாமயும் இருந்திருக்கும்."

நான் கோப்பில் எழுதிக்கொண்டிருந்தேன்.
எழுதாவிட்டால் ஒரு கரண்டு கட்டுக்கு
படம் மறுபடி ஓடிவிடும்.
சேமித்துவிட்டேன் என்று சொன்னதற்கு
"அணைச்சுப் போட்டுக் காட்டுங்க" என்றார்.
நியாயம்தான்.

அணைத்தேன்.
கண்ணாடிக் குழலில் எங்கள் மூன்று பேர் முகமும்
வளைந்து தெரிந்தன,
பின்னால் தேனி ரோட்டில் ஒரு பஸ்
பக்கவாட்டில் நீண்டு போனது.
போட்டேன்.
டங் என்று ஒரு குலுக்கு, படம் நடுங்கி நின்றது.
வரிகள் ஓடின, ஓடின, நின்றன.
யாரும் பேசவில்லை.

நாலு இலக்கம்.

438 எழுதினாள் பவுன்தாய்.
நிமிர்ந்து ஒருமுறை திரையைப் பார்த்தாள்.
கார்பன் வரை இறங்கும்படி அழுத்தி
5 எழுதினாள்.

கூலி கேட்கக் கூச்சமாக இருந்தது.
நூற்றைம்பது கேட்டேன்.
நூறு கொடுத்தாள்.
வாங்கிக்கொண்டேன்.